என் எழவுக்கு என்ன கொட்டு?

இதழ் இரண்டரை மாதம் பிந்தி வருகிறது. காகித விலை, அச்சகக் கடன் என்று வழக்கமாகச் சொல்கிற காரணம் இந்தத் தடவை இல்லை. எனக்கு நெஞ்சில் அடைப்பு. காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் 3 நாள், பிறகு மதுரையில் 11 நாள். சந்தா கட்டியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். கட்டாதவர்கள் பரிதாபப்பட்டாவது கட்டவும்.

வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது மச்சினன் மகன் பார்க்க வந்தான். கல்லூரியில் படிக்கிறவன், நம் தோழர்களின் பறைக்குழுவில் அடிக்கிறவன். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டான்: "மாமா, ஒருவேளை ஒங்களுக்கு ஒன்னு ஆயிருந்தா எத்தன செட்டுக் கொட்டு சொல்லியிருக்கணும்? இப்பவே சொல்லி வச்சிருங்க, பின்னாடி எங்களுக்குள்ள தகராறு வேணாம்." என் மனைவி வெளக்கமாத்தை எடுத்துவிட்டாள். பையன் ஓடிவிட்டான். நான் சிரித்தேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் விளையாட்டாகக் கேட்டது என்னை முப்பது வருசத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. இவ்வளவு நாளும் இந்தப் பக்கங்களில் நான் எழுதாமல் மறைத்து வைத்திருந்த ஒரு விசயம் அது. தலையங்கத்தில் சொந்தக் கதை எழுதலாமா என்று நம் ஆசிரியர் குழுவில் ஒரு தோழர் முகம் சுளித்தார். இதில் என் கதை பாதிதான், மீதி நம் இயக்கத்தின் கதை. எனவே எழுதுகிறேன்.

எங்க அய்யா கொட்டுக்காரர். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே, தார்ரோட்டை விட்டு உள்ளே போகிற ஒரு கிராமத்துச் சேரி எங்களுடையது. பத்து வயதில் குச்சியைப் பிடித்தவர். சுத்துப்பட்டு ஏழெட்டு ஊருக்கு அவரும் அவர் பங்காளிகளும்தான். ஊருக்குள் ஒரு உசுரு போனால் கேதம் சொல்ல ஓடுவது, கொட்டடிப்பது, குழி வெட்டுவது மூன்றும் எங்கள் தெருவின் தலையில். கூலி என்று ஒன்று கிடையாது. அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் அள்ளிப்போடுகிற நெல்தான். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? சொதந்தரம். கேலிக்குச் சொல்லவில்லை. ஊர்த்தொழில் செய்கிறவனுக்குக் களத்தில் கொடுக்கும் பங்குக்கு அந்தக் காலத்துக் கணக்குகளிலும் சுதந்திரம் என்றுதான் பெயர். 1947இல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னபோது எங்க தாத்தா, "எந்தக் களத்துலப்பா?" என்று கேட்டாராம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிற சிரிப்பு இது.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க இன்றைக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. அந்த வீடுகளிலிருந்து எங்க அய்யா எத்தனையோ பேரை வழியனுப்பியிருக்கிறார். ஒன்றின் முகப்பைக்கூடத் தாண்டியதில்லை. அடித்த அடி எல்லாம் தெருவில் நின்று அடித்ததுதான். வெயிலில் நிற்கும்போது தோல் விறைக்கும், பனியில் தொய்யும். தொய்ந்தால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்கொள்ள வேண்டும். பிரேதம் பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வரவேண்டிய மகனுக்காகக் காத்திருந்தால் கொட்டும் காத்திருக்க வேண்டும். ஒன்றரை நாள் நின்ற கதையை அய்யா சொல்லியிருக்கிறார்.

அடி என்றால் ஒரே அடி இல்லை. ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, சப்பரத்தடி, மருள் அடி, டப்பா அடி, பாடம் அடி என்று பெயர் சொல்லி எண்ணினால் பத்தைத் தாண்டும். நீர்மாலைக்குப் போகையில் ஒன்று, பாடை தூக்கையில் ஒன்று, சந்தி திரும்புகையில் ஒன்று. பேரன் பேத்தி எடுத்த கல்யாணச் சாவுக்கு ஒரு மாதிரி, பிள்ளைத்தாச்சி செத்தால் வேறு மாதிரி. எந்த இடத்தில் எதை அடிக்க வேண்டும் என்கிற ஞானம் முழுக்க எங்க அய்யா கையில் இருந்தது. அடிக்கப் போவதா வேண்டாமா என்கிற முடிவு மட்டும் அவர் கையில் இல்லை.

அந்த அய்யா 1994இல் செத்துப்போனார். சாவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நன்றாக நினைவிருக்கிறது. திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வாயில் வெற்றிலை. "எனக்குக் கொட்டு வேணாம்ப்பா. சத்தமில்லாமக் கொண்டுபோயிருங்க." இவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமே எனக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அன்றைய சூழலை இளம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். 1991 அம்பேத்கர் நூற்றாண்டு. அதையொட்டித் தமிழகம் முழுக்கத் தலித் கலைவிழாக்கள், சிறுபத்திரிகைகள், விடிய விடிய விவாதங்கள். பறை நம் இசை, இழவு வீட்டுக் கருவி என்று சாதி இந்துக்கள் அதன் மேல் ஒட்டிய இழிவைக் கிழித்து எறிவோம், அதை மேடையில் ஏற்றுவோம் என்றோம் நாங்கள். இன்னொரு பக்கம், அடிமைச் சின்னத்தைத் தூக்கி மேடையில் வைத்தால் அது விடுதலைச் சின்னம் ஆகிவிடுமா, கொளுத்து என்றார்கள். இனிமேல் ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கிழித்த சேரிகள் உண்டு. அதற்காகத் தண்ணீரும் வேலையும் மறுக்கப்பட்டு, கடையில் தீப்பெட்டிகூட வாங்க முடியாமல் கிடந்த சேரிகளும் உண்டு. நான் மேடைக் கட்சி. பறை நம் போர்க்குரல் என்று பக்கம் பக்கமாக எழுதியவன்.

ஆகவே அய்யா சொன்னதை என் சொல்லாடலில் போட்டு மொழிபெயர்த்துக்கொண்டேன். பாவம் கிழவர், ஆதிக்கம் ஊட்டிய இழிவுணர்ச்சி ரத்தத்தில் ஏறியிருக்கிறது, தன் கலையைத் தானே கேவலமாக நினைக்கிறார், நாம் அதை உடைக்க வேண்டும். அய்யா செத்த அன்று மதுரையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தோழர்கள் வந்தார்கள். பதினாறு பறை. எங்கள் சேரி அதுவரை பார்த்திராத கொட்டு. காலையில் ஆரம்பித்துச் சுடுகாட்டில் மண் தள்ளுகிறவரை அடித்தோம். நானும் ஒரு பறையை வாங்கி அடித்தேன். ஒரு தோழர் இரங்கல் உரையில், வாழ்நாளெல்லாம் அடுத்தவன் சாவுக்கு அடித்தவருக்கு இன்று விடுதலைப் பறை முழங்குகிறது என்றார். கைதட்டினார்கள். எனக்கும் கண்ணீர் வந்தது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கருமாதி முடிந்த ராத்திரி அத்தை, அதாவது அய்யாவின் உடன்பிறந்த தங்கச்சி, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "ஏம்ப்பா, அண்ணன் வேணாம்னு சொல்லலயா?" என்றது. சொன்னார் என்றேன். "பெறகு ஏன் அடிச்சீக?"

அப்புறம்தான் அத்தை சொன்னது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. எங்க அப்பத்தா, அய்யாவின் தாயார், செத்த அன்றைக்கே ஊருக்குள்ளும் ஒரு பெரிய வீட்டில் சாவு. அப்பத்தாளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருக்கிறார்கள். ஆள் வந்துவிட்டது. எங்க வீட்டிலயும் பொணங் கெடக்குதுங்க என்று சொல்லியிருக்கிறார்கள். அதுக்கென்ன, ஒன் ஆத்தா எங்கேயும் ஓடிப்போயிர மாட்டா, அங்கே எடுத்த பெறகு இங்கே எடு என்று பதில். சேரியில் குச்சி பிடிக்கத் தெரிந்த ஆம்பளை அத்தனை பேரும் போய்விட்டார்கள், அய்யாவும்தான். பெரிய வீட்டுப் பிணம் மறுநாள் பொழுது சாய்கையில்தான் தூக்கினார்கள். சித்திரை மாத வெயில். அதுவரை அப்பத்தாளை வைத்திருக்க முடியவில்லை. பொம்பளைகளும் கிழவர்களுமாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். கொட்டு இல்லை. கொள்ளி வைக்க, மண் தள்ள மகனும் இல்லை. அய்யா திரும்பி வந்தபோது வீட்டை மெழுகிவிட்டிருந்தார்களாம்.

"அதுலருந்து அண்ணன் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. எங்காத்தாளுக்கு இல்லாத கொட்டு எனக்கு என்னத்துக்குன்னு."

இழிவுணர்ச்சி இல்லை தோழர்களே, அடிமை மனநிலையும் இல்லை. அது ஒரு மகன் தன் தாய்க்குச் செய்ய முடியாமல் போனதைத் தன் சாவில் ஈடுகட்ட நினைத்தது. அதை நான் பதினாறு பறையால் அடித்து நொறுக்கினேன். அன்றைக்கு ஊர் அவரைக் கேட்காமல் கொண்டுபோய் நிறுத்தியது. நாங்கள் அவரைக் கேட்டும், காதில் வாங்காமல் செய்தோம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாடையில் கிடந்தவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா?

நம் சாவுக்கு என்ன இசை என்று நாமே தீர்மானிப்பது ஏதோ வசதிப்பட்டவர்களின் பொழுதுபோக்கு என்று தோன்றலாம். மேல்நாட்டில் இப்போது எழுதி வைத்துவிட்டுச் சாகிறார்கள்: இந்தப் பாட்டைப் போடு, இந்த வாத்தியத்தை வாசி என்று. நமக்கு அது அந்நியமான சங்கதி இல்லை. நம் மண்ணில் எவன் எதற்கு எதை வாசிக்கலாம் என்பது சட்டம் போட்டுத் தடுக்கப்பட்ட விசயம். ஜே.எச். ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி 1946இல் வெளியான ‘இந்தியாவில் சாதி’ பற்றிய தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். நம் காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் அன்றைக்கு அந்த ஜில்லாதான். தங்கம் வெள்ளி போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, சட்டை கூடாது, கிராப்பு கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மாராப்புப் போடக்கூடாது, குடை செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. கல்யாணம் முதலிய விசேசங்களில் மேளம் வைக்கக்கூடாது என்பது இன்னொன்று.

இதை முதலில் படித்தபோது நான் மேளம் என்ற சொல்லில் அப்படியே நின்றுவிட்டேன். ஊரார் வீட்டுச் சாவுக்கு நாங்கள் கொட்டாமல் இருந்தால் குற்றம். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொட்டினால் குற்றம். அடுத்தவன் துக்கத்துக்குச் சத்தம் போடும் கட்டாயம், சொந்தச் சந்தோசத்துக்குச் சத்தம் போடத் தடை. சத்தத்தின் மேலேயே பட்டா போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். பறை ஆதித்தமிழரின் கருவி, சங்க இலக்கியத்தில் இருக்கிறது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், வாஸ்தவம். ஒரு வீட்டில் சாவின் நெய்தல் பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே சமயத்தில் கேட்பதைப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஆனால் அந்த ரெண்டையும் அடித்தவன் வீட்டில் அன்றைக்கு என்ன கேட்டது என்று எந்தப் புலவரும் எழுதிவைத்த மாதிரி தெரியவில்லை. இது என் அங்கலாய்ப்பு, ஆராய்ச்சி இல்லை. தமிழ்ப் பேராசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

இதே சிவகங்கைச் சீமையில் பிறந்த இரண்டு பேரை நினைத்துப் பார்க்கிறேன். ஒருவர் கண்ணதாசன், சிறுகூடல்பட்டிக்காரர். காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 1962இல் வந்த ‘பாத காணிக்கை’ படத்துக்கு அவர் எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடிய சாவுப் பாட்டு, ஒலிபெருக்கி வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டு இழவு வீடுகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊரிலும் அதுதான், சேரியிலும் அதுதான். மைக்செட்டுக்காரனைக் கூப்பிட்டால் கேட்காமலேயே போட்டுவிடுவான். அந்தக் கண்ணதாசன் உயிரோடு இருக்கும்போதே தனக்குத் தானே இரங்கற்பா எழுதி வைத்தவர். 1981இல் சிகாகோவில் இறந்தார். தன் சாவுக்குத் தானே பாட்டு எழுதிக்கொள்வது ஒருவருக்குக் கவித்துவ விளையாட்டாக இருக்க முடிகிறது என்பதே எனக்கு ஆச்சரியம். பொறாமை என்றும் சொல்லலாம்.

இன்னொருவர் கே.ஏ. குணசேகரன். இளையான்குடி பக்கம் மாரந்தை, 1955இல் பிறந்தவர். தன்னானே கலைக்குழு நடத்தியவர், ‘பலி ஆடுகள்’ நாடகம் எழுதியவர், ‘வடு’ என்று தன் வாழ்க்கையை எழுதியவர். வெண்மணியில் 1968இல் 44 பேரை எரித்த தீ அணையாமல் கிடந்த நாட்களில் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டைக் குணசேகரன் குரலில் கேட்காத நம் தோழர் யாராவது உண்டா? 2016 ஜனவரி 17 அன்று குணசேகரன் இறந்தார், அதே வருசம் டிசம்பர் 1 இன்குலாப் இறந்தார். இன்குலாப் தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார், அப்படியே கொடுத்தார்கள். அவருடைய சொல்லை அவர் வீட்டார் காப்பாற்றினார்கள். நான் எங்க அய்யா சொல்லைக் காப்பாற்றவில்லை.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்றொரு நகரம். அங்கே கறுப்பின மக்களின் சாவு ஊர்வலம் உலகப் பிரசித்தம். இடுகாட்டுக்குப் போகும்வரை பேண்டு வாத்தியக்காரர்கள் நெஞ்சைப் பிழிகிற மாதிரி மெதுவாகத் தேவாலயப் பாட்டுகளை வாசித்துக்கொண்டு போவார்கள். அடக்கம் முடிந்து கொஞ்ச தூரம் வந்ததும் தாளம் மாறும். துள்ளல், ஆட்டம், குடை சுழற்றல், பின்னால் தெருவே ஆடிக்கொண்டு வரும். நம் கல்யாணச் சாவு மாதிரியேதான். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். அடிமை முறை ஒழிந்த பிறகும் வெள்ளையர் நடத்திய காப்பீட்டுக் கம்பெனிகளின் கதவு கறுப்பர்களுக்குச் சாத்தியே கிடந்தது. அவர்கள் தெருவுக்குத் தெரு உதவிச் சங்கங்கள் வைத்தார்கள். மாதாமாதம் சந்தா. சீக்கு வந்தால் மருந்து, செத்தால் பெட்டியும் பேண்டும் சங்கச் செலவு. செத்தவனும் அவர்கள் ஆள், வாசித்தவனும் அவர்கள் ஆள். வாசித்தவனுக்குக் கூலி உண்டு. வெள்ளைக்காரன் வீட்டுச் சாவுக்கு வந்து வாசி என்று எவனும் ஆள் அனுப்பிக் கழுத்தைப் பிடித்து இழுத்துப்போகவில்லை. அந்த இசை ஜாஸ் என்று உலகமெல்லாம் போனதற்கு இது மட்டும் காரணமில்லை. ஆனால் கூலியும் விருப்பமும் உள்ள கை வாசிக்கிற வாசிப்பும் களத்து நெல்லுக்கு வாசிக்கிற வாசிப்பும் ஒன்றாக இருக்க முடியாது.

நம் பக்கமும் மாற்றம் இல்லாமல் இல்லை. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைக் கையில் எடுத்து முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. இழவு வீட்டில் ஆம்பளை மட்டும் தொடுகிற தோல் என்பதையும் சேர்த்து உடைத்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோசம், அவர் ஐந்து மடங்கு தகுதியானவர். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகள் சனி ஞாயிறு பறை கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அதே திங்கள்கிழமை நம் கிராமங்களில் ஊர்ச் சாவுக்குப் போகமாட்டேன் என்று ஒரு பையன் சொன்னால் என்ன நடக்கிறது? 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம் கட்டாய வேலை வாங்குவதையும், பிணம் சுமக்க, குழி தோண்டக் கட்டாயப்படுத்துவதையும் குற்றம் என்கிறது. சட்டம் இருக்கிறது. புகார் எழுதத் தெரிந்த மாணவர்கள் அந்தப் பையன் பக்கத்தில் இருக்கிறார்களா என்பதே கேள்வி. மேடையில் பறை அடிக்கிற தோழர்களை நான் கேட்பது இதைத்தான்.

சாவில் விருப்பம் என்று பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வாசிக்கிற பாட்டு இருக்கட்டும், தூக்கிக்கொண்டு போகப் பாதை? 2016 ஜனவரியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில் தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோகலாம் என்று உயர்நீதிமன்றமே உத்தரவு போட்டது. அப்புறமும் நடக்கவில்லை. போலீசே உடலைத் தூக்கிக்கொண்டு வேறு வழியாகப் போய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் பாலாற்றுப் பாலத்திலிருந்து பாடையைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் தொங்குகிற பாடைக்கு எந்த அடி பொருத்தம்? எங்க அய்யாவின் கணக்கிலேயே அதற்கு ஒரு அடி இல்லை.

சரி, பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

பல நாள் யோசித்தேன். அய்யா மாதிரி எனக்கும் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அது பிராயச்சித்தம் மாதிரி இருக்கும். ஆனால் அது அய்யாவின் விருப்பத்தை இன்னொரு தடவை திருடுவது. அவருடைய மௌனம் அப்பத்தாளுக்கு உரியது, எனக்கு உரியது இல்லை. பறை வேண்டும் என்று சொன்னால்? எனக்குப் பறை பிடிக்கும். கேட்டால் இன்றைக்கும் கால் நிற்காது. டாக்டர் ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார், அது வேறு விசயம். ஆனால் பறை என்றால் யார் அடிப்பது? என் தெருவில் பிறந்தான் என்பதற்காக என் சித்தப்பா பேரன் சும்மா வந்து அடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் நானும் பெரிய வீடு ஆகிவிடுகிறேன். தோழர் சாவுக்குக் கூலி கேட்பதா என்று நம் ஆட்களே கேட்பார்கள். கேட்க வேண்டும். அடிக்கிறவனுக்கு என்ன கூலியோ அதை முன்பணமாகக் கொடுத்துவிட்டுத்தான் பறையைக் காய்ச்சச் சொல்ல வேண்டும். ஒன்றரை நாள் நிற்க வைக்கக்கூடாது. உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், வீட்டுக்குள் சாப்பாடு. வர இஷ்டமில்லை என்றால் ஏன் என்று ஒருத்தரும் கேட்கக்கூடாது.

இன்னொரு ஆசையும் உண்டு. சொன்னால் தோழர்கள் சிரிப்பார்கள். இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். பாட்டு கிடையாது, வயலினும் மற்ற வாத்தியங்களும்தான். காரைக்குடியில் ஒரு கேசட் கடையில் வாங்கினேன். கேட்டுக் கேட்டு நாடா அறுந்து இன்னொன்று வாங்கினேன். அதை ஒரு தடவை முழுசாகப் போட வேண்டும். இது ஆசிரியர் குழுவில் பெரிய விவாதமாகிவிட்டது. ஒருவர் பண்ணைப்புரம் என்றார், ஒருவர் அவர் அரசியல் என்ன என்றார், ஒருவர் அதில் மேல்நாட்டு பாக் இருக்கிறார், கர்நாடக சங்கீதம் இருக்கிறது, நாட்டார் கூறு எங்கே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய வீட்டுக் கிழவர் ஒருவர் எனக்கு நாதஸ்வரம் வை என்று சொல்லிச் செத்தால் அவருக்கு அது பிடிக்கும் என்று அர்த்தம், அதோடு முடிந்தது. நம்மில் ஒருத்தன் ஏதாவது கேட்டால் மட்டும் அது இழிவா, எழுச்சியா, சின்னமா, கலகமா என்று தராசில் போட்டு நிறுக்க வேண்டியிருக்கிறது. எங்க அய்யா வேண்டாம் என்றதையும் நான் அப்படித்தான் நிறுத்தேன். பிடிக்கும் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற உரிமை நமக்கு எப்போது வரும்? ராஜாவின் வயலின் எனக்குப் பிடிக்கும், தோழர்களே. தத்துவம் ஒன்றும் இல்லை.

‘மனுசங்கடா’ வேண்டாமா என்று கேட்டார்கள். வேண்டும். சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது, குணசேகரன் குரலிலேயே, பழைய கேசட்டில் இருக்கிற கரகரப்போடு. மைக்செட்டுக்காரன் வழக்கம் போல ‘பாத காணிக்கை’யைப் போட்டால் அவனோடு சண்டை போட வேண்டாம். நல்ல பாட்டுதான். ஒரு தடவை ஓடட்டும்.

எல்லாவற்றையும் மச்சினன் மகனிடம் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டான். எழுதி முடித்துவிட்டு, "மாமா, காலையில எந்திரிச்சதும் மொதல்ல எது?" என்றான். விடிந்து வெயில் ஏறுகிற வரை ஒரு சத்தமும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அப்பத்தா கதையை அவனுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு, "அந்தப் பெரிய வீடு எது மாமா?" என்றான். சொன்னேன். இப்போது பூட்டிக் கிடக்கிறது, சினிமாவுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது உங்கள் வீட்டில் கொட்டடித்த தாத்தாவோ சித்தப்பாவோ உயிரோடு இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சாவுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த இரண்டாவது கேள்வியைத்தான். பாட்டிகளிடமும் கேளுங்கள். ஒப்பாரி வைத்தே ஊரைக் கட்டிய அவர்களுக்கு யார் ஒப்பாரி வைப்பது என்று ஒரு எண்ணம் இருக்கும். அவர்கள் சொன்ன சொல்லிலேயே, திருத்தாமல், நம் கோட்பாட்டுக்கு வளைக்காமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கு 8 பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கட்டுரைகள் இரண்டைத் தள்ளி வைத்திருக்கிறோம், அவற்றை எழுதிய தோழர்கள் மன்னிக்கவும்.